பத்தாங் காலியின் வெள்ளைப் பூ

கெந்திங் மலைக்குச் செல்லும் வழியில் உள்ள சிற்றூர் பத்தாங் காலி. மலேசியாவில் பார்த்தீனியம் 2013இல் கண்டறியப்பட்டது இங்கேதான். ஊர்ப்புறமாக நடந்தபோது, ஆடு வளர்க்கும் பெரியவர் ஒருவர் வேலியோரம் காட்டினார்: "பாத்தா உலாம் ராஜா மாதிரியே இருக்கும் தம்பி, பறிச்சிடாதீங்க!"

உலாம் ராஜாவின் இலைகள் எதிரெதிராக ஜோடியாய் வரும். பார்த்தீனியத்தில் மாறி மாறி வரும். அதன் பூ இளஞ்சிவப்பு. இதன் பூ பொடிப்பொடியாய் வெள்ளை. தொட்டால் தோல் அரிக்கும், மகரந்தம் மூச்சிரைப்பைத் தூண்டும், மேய்ந்த மாட்டின் பாலும் கசக்கும்.

ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். எனவே பூக்குமுன்பே, மண் ஈரமாக இருக்கும்போது, கையுறையும் முகக்கவசமும் அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். பூத்துவிட்டால் படமெடுத்து விவசாய இலாகாவிடம் சொல்லுங்கள். காரில் ஏறுமுன் காலணி மண்ணைத் தட்டிவிடுங்கள்; விதை அதில் ஒட்டிக்கொண்டுதான் அடுத்த ஊருக்குப் போகிறது.