பதினான்கு பெட்டிகள்

2005 செப்டம்பரில், பர்கண்டியில் ஒரு சின்னக் குடும்பத்தின் திராட்சைத் தோட்டத்தில், பதினான்கு பெட்டிப் பழத்துக்கு நான் பொய் அடையாளம் போட்டேன். இந்த இருபது வருடத்தில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. மனைவிக்குக்கூடத் தெரியாது.

அப்போது திஜோனில் படித்துக்கொண்டிருந்தேன். காரைக்கால் பக்கத்து ஊர்க்காரன். எங்கள் சின்னத் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர்; அந்த வழியில் வந்ததுதான் என் பிரெஞ்சும் பிரான்ஸும். அறுவடைக் காலத்தில் மாணவர்கள் திராட்சை பறிக்கப் போவது அங்கே வழக்கம். பத்து நாள் வேலை, நாள்கூலி, மதியம் வயிறு நிறையச் சாப்பாடு. கையில் காசில்லாத எனக்கு அது போதும்.

திஜோனிலிருந்து தெற்கே போன் நகருக்குப் போகும் சாலையில் வலது கைப்பக்கம் நீளமாக ஒரு சரிவு வரும். சரிவு முழுக்கத் திராட்சை. வேலி கிடையாது, வரப்பு கிடையாது. ஒருவர் வரிசை முடிந்து அடுத்தவர் வரிசை தொடங்குவதே வெளியாளுக்குத் தெரியாது. நான் போன வீட்டில் முசியே, மதாம், ஒரே மகள். நிலம் மொத்தம் ஆறு ஹெக்டேர், நம் கணக்கில் பதினைந்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அதுவும் ஒரே இடத்தில் இல்லை. மூன்று ஊர்களில் பதின்மூன்று துண்டு.

நிலம் இப்படித் துண்டான கதையை மதாம் சாப்பாடு பரிமாறிக்கொண்டே சொல்வார். அந்தப் பக்கத்து நல்ல நிலங்களில் பல ஒரு காலத்தில் மடங்களுக்குச் சொந்தம். 1098இல் தொடங்கிய சீத்தோ மடத்துத் துறவிகள் அதில் முக்கியமானவர்கள். பிரெஞ்சுப் புரட்சி வந்து மடத்து நிலங்களைப் பறித்து விற்றது. பிறகு நெப்போலியன் காலத்துச் சட்டம் பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு என்றது. தலைமுறைக்குத் தலைமுறை பாகம் பிரித்தும் விற்றும் வந்ததில், துறவிகள் மதில் கட்டிக் காத்த குளோ த வூஜோ என்ற ஐம்பது ஹெக்டேர் தோட்டத்துக்கு இன்று ஏறக்குறைய எண்பது சொந்தக்காரர்கள். சிலருக்கு நாலைந்து வரிசைதான்.

நிலத்தை அவர்கள் 'ஊவ்ரே' என்ற பழைய அளவில் சொல்வார்கள். ஓர் ஆள் ஒரு நாளில் கொத்தி முடிக்கிற நிலம் ஒரு ஊவ்ரே. நமக்குப் பத்தரை சென்ட். இந்த வீட்டின் பெருமையெல்லாம் ஒன்பது ஊவ்ரே கொண்ட ஒரு மேட்டுத் துண்டில் இருந்தது. ஒரு ஏக்கர்கூட இல்லை. ஆனால் அது 'பிரீமியே க்ரூ', உயர்ந்த தரம். முசியேயின் அப்பா கையால் நட்ட கொடிகள். அதற்குக் கீழே, ஒரு வண்டிப் பாதை தள்ளி, இன்னொரு துண்டு. அதன் ஒயின் ஊர்ப் பெயரில் மட்டும் விற்கும், விலை பாதி.

இரண்டிலும் அதே பினோ நுவார். அதே வெயில், அதே கை, அதே கத்தரி. நடுவில் ஒரு வண்டிப் பாதை, அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று எனக்குள் ஓர் ஏளனம் இருந்தது. என் குற்றம் அந்த ஏளனத்தில் தொடங்கியது என்று இப்போது தெரிகிறது.

ஐந்தாம் நாள் எனக்குப் பதவி உயர்வு. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. முசியே அதைப் பார்த்துவிட்டு, கத்தரியை வாங்கிக்கொண்டு கையில் சாக்குக்கட்டியைக் கொடுத்தார். நிரம்பி வரும் பெட்டியில் எந்தத் துண்டு என்று குறி போட வேண்டும், எண்ணி நோட்டில் எழுத வேண்டும், டிரெய்லரில் அடுக்க வேண்டும். படித்த பையன், கணக்குச் சரியாக இருக்கும் என்று நம்பினார். முதல் நாளே ஒரு வரியை மாற்றி எழுதி, எல்லார் முன்னாலும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை கீழ்த்துண்டைப் பறித்து முடித்தோம். கடைசிப் பெட்டிகள் வரும்போது சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பிறகு குறி போடலாம் என்று பாதையோரம் வைத்துவிட்டுப் போனேன். சாப்பாட்டோடு இரண்டு கோப்பை ஒயினும் உள்ளே போயிற்று. மதியம் மேட்டுத் துண்டு. பெட்டிகள் அதே பாதையில் வந்து இறங்கின. சாயங்காலம் டிரெய்லரில் ஏற்றும்போது இரண்டும் கலந்துவிட்டன. எல்லாம் ஒரே தொட்டியில் கொட்டப்பட்டது.

மறதியில் நடந்த பிழை. இந்தக் கதையை எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போது இதோடு நிறுத்திக்கொள்வேன்.

ஆனால் நடந்தது அப்படியல்ல. ஏற்றுவதற்கு முன்னால் அந்தப் பதினான்கு பெட்டிகளையும் நான் பார்த்தேன். குறியில்லாமல் தனியாக, அடுக்கி வைத்த இடத்திலேயே இருந்தன. எந்தத் துண்டின் பழம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கீழ்த்துண்டின் வண்டி அதற்குள் போய்விட்டிருந்தது. இன்னொரு நடை தனியாக அனுப்பச் சொன்னால் முசியே காரணம் கேட்பார். குறி போடாமல் சாப்பிடப் போனது வெளியே வரும். நேற்று வாங்கிய திட்டே இன்னும் காதில் இருந்தது. சாக்குக்கட்டியை எடுத்தேன். பதினான்கிலும் மேட்டுத் துண்டின் குறியை ஒவ்வொன்றாகப் போட்டேன். கை நடுங்கவில்லை. எழுத்து அழகாகவே விழுந்தது.

இரவு மதாம் நோட்டைப் பார்த்தார். கீழ்த்துண்டில் கணக்குக் குறைகிறதே என்றார். "மழையில்லை மதாம், பழம் சிறுத்துவிட்டது" என்றேன். அந்த வருடம் உண்மையிலேயே வறட்சி, பழமும் சிறியதுதான். நம்பிவிட்டார். மேட்டுத் துண்டின் கணக்கைப் பார்த்ததும் முசியேயின் முகம் மலர்ந்தது. வழக்கமாக எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவே நிற்கும். இந்தத் தடவை நூற்று இரண்டு. "அப்பா கொடுத்துக்கொண்டே இருக்கிறார்" என்று மகளிடம் சொன்னார்.

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் அதற்குள் உண்மையின் விலை ஏறிவிட்டது. பாதையோரத்தில் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். தொட்டியில் கொட்டிய பிறகு சொன்னால், அந்தத் தொட்டி முழுவதையும் அவர்கள் ஊர்ப் பெயரில் பாதி விலைக்குத்தான் விற்க முடியும். உயர்ந்த நிலத்துப் பழத்தைத் தாழ்ந்த பெயரில் விற்கச் சட்டம் விடும். தாழ்ந்ததை உயர்ந்த பெயரில் விற்றால் அது மோசடி. ஏழு பீப்பாய், இரண்டாயிரம் பாட்டில். அதில் ஏறக்குறைய ஒரு பீப்பாய் என் பொய். அந்த மனிதர் அரசாங்கத்துக்கு அறுவடைக் கணக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டபோது, தெரியாமலே ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட்டார். அதைப் போட வைத்தவன் நான்.

கடைசி நாள் விருந்தில் எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டி, "இந்தப் பையன் எழுத்தைப் பாருங்கள்" என்றார். கூலியோடு இருபது யூரோ கூடுதலாகக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

2007இல் பாரிஸ் புறநகரில் என் முகவரிக்கு இரண்டு பாட்டில் வந்தது. மேட்டுத் துண்டின் பெயர் போட்ட சீட்டு, கூடவே மதாம் கையால் இரண்டு வரி. நண்பர்களைக் கூப்பிட்டு ஆட்டுக்கறிக் குழம்போடு ஒன்றைத் திறந்தேன். திறந்ததோடு நிற்கவில்லை, பிரசங்கமும் செய்தேன். மேட்டில் மண் மெலிசு, கீழே சுண்ணாம்புப் பாறை, வேர் பாறைக்குள் தேடிப் போகும். பள்ளத்தில் களிமண் கனம், ஈரம் நிற்கும், அதனால் ருசி தளரும் என்றெல்லாம். "இந்த மண்ணின் சுவை தெரிகிறதா?" என்று கேட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கும் தெரிந்தது. ஏழில் ஒரு பங்கு பொய் கலந்திருந்தும் நாக்கில் எதுவும் உறுத்தவில்லை.

யாருக்கும் தெரியவில்லையே, அப்படியானால் என்ன நஷ்டம் என்ற வாதத்தில் பல வருடம் ஒளிந்திருந்தேன். 2015இல் பர்கண்டியின் 1,247 நிலத்துண்டுகளை, பெயரும் எல்லையும் கொண்ட தனித்தனி நிலங்களாக, யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அப்போதும் நண்பர்களுக்கு விளக்கம் சொன்னவன் நான்தான். எல்லையைக் காக்க அவர்கள் படும் பாட்டை மெச்சிப் பேசினேன். அந்த எல்லைகளில் ஒன்றை அழித்தவன் எதிரில் உட்கார்ந்து பேசுகிறான் என்று கேட்டவர்களுக்குத் தெரியாது.

எங்கள் ஊரிலும் நிலத்துக்குப் பெயர் உண்டு. கோயிலடிப் பங்கு, வாய்க்கால் பங்கு என்றுதான் தாத்தா சொல்வார். விதைக்கு விட்ட வயலில் கலவன் கதிர் ஒன்று நின்றாலும் சேற்றில் இறங்கிப் பிடுங்குவார். அரிசியாகி உலைக்குப் போனபின் ஒரு கதிரின் வித்தியாசத்தை எந்த வாய் கண்டுபிடிக்கும்? தாத்தாவுக்கும் அது தெரியும். விதை வாங்க வருகிறவனிடம் "சுத்தமான விதை" என்று சொல்ல வேண்டுமே, அதற்காகத்தான் இறங்கினார். அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு, பெட்டியில் போடும் குறி என்னவென்று தெரியாது என்று சொல்ல வாயில்லை.

முசியே இறந்துவிட்டார். மகள்தான் இப்போது தோட்டம் பார்க்கிறார். முகவரி என்னிடம் இருக்கிறது. நான்கு தடவை பிரெஞ்சில் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் 'பெட்டிகளில் ஒரு குழப்பம் நேர்ந்துவிட்டது' என்றே வாக்கியம் வந்து நின்றது. அதில் நான் இல்லை. தமிழில் எழுதும்போது மட்டும் 'குறியைப் போட்டேன்' என்று வருகிறது. அந்த வீட்டில் யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. வந்த தைரியம் அதனால்தான்.