முப்பதாம் நாள் கண்ணைப் பாருங்கள்

ஆஸ்பத்திரியில் 'டிஸ்சார்ஜ்' என்று சொன்னதும் நமக்கு வேறு எதுவும் ஓடுவதில்லை. பில் கட்டணும், வண்டி வரணும், ஆரத்தி கரைத்து வைக்கச் சொல்லி வீட்டுக்குப் போன் போடணும். கையில் கொடுக்கிற சீட்டு மடங்கிப் பைக்குள் போய்விடும். அப்புறம் அதை யார் எடுத்துப் பார்க்கிறார்கள், சொல்லுங்கள்?

குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் அந்தச் சீட்டில் ஒரு வரி இருந்தே ஆக வேண்டும். கண் பரிசோதனை எந்தத் தேதியில் என்கிற வரி. அது இல்லாமல் போனதால் என்ன ஆயிற்று என்பதற்குச் சென்னையிலேயே ஒரு வழக்கு இருக்கிறது.

1996 ஆகஸ்ட் 30-ல் எழும்பூர் அரசு தாய்சேய் நல மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை 29-வது வாரத்திலேயே பிறந்தது. எடை 1,250 கிராம்தான். இன்குபேட்டரில் வைத்து, பிராண வாயு கொடுத்து, ரத்தம் ஏற்றி, செப்டம்பர் 23-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். உயிரைக் காப்பாற்றியது பெரிய காரியம்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கண்ணைக் காட்டுங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கிருமி தொற்றாமல் நாலு சுவருக்குள் வைத்திருங்கள் என்பதுதான் கிடைத்த யோசனை. பெற்றவர்களும் சொன்னபடியே செய்தார்கள். மாதக் கணக்கில் ஆன பிறகு, வெளியூரில் தடுப்பூசி போடப் போன இடத்தில் வேறொரு டாக்டர்தான் கண்ணில் ஏதோ கோளாறு என்று கண்டுபிடித்தார். அமெரிக்கா வரை கொண்டு போய்ப் பார்த்தார்கள். பார்வை திரும்பவில்லை.

வேடிக்கை என்னவென்றால் (வேடிக்கையா அது!), 1819-ல் ஆரம்பித்த அரசு கண் மருத்துவமனையும் அதே எழும்பூரில்தான் இருக்கிறது.

அப்பா விடவில்லை. தேசிய நுகர்வோர் ஆணையம் 2009-ல் ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2015 ஜூலை 1-ல் சுப்ரீம் கோர்ட் அதைச் சுமார் 1 கோடியே 80 லட்சமாக உயர்த்தியது. அதற்குள் அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது.

இந்தக் கோளாறுக்கு ஆர்.ஓ.பி. என்று பெயர். கண்ணுக்கு உள்ளே விழித்திரை இருக்கிறதே, அதற்கு ரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வளர்ந்துகொண்டே போகும். பத்தாம் மாதம் நெருங்கும்போதுதான் ஓரத்தைத் தொடும். அதற்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டால் அந்த வளர்ச்சி தாறுமாறாகி, கடைசியில் விழித்திரையையே பிய்த்து எடுத்துவிடலாம். பிராண வாயு அதிகமாகப் போனாலும் இது வரும் என்பதை 1950-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்காகப் பிராண வாயு வேண்டாம் என்று யாரும் தடுத்துவிடாதீர்கள், உயிருக்கு அது வேண்டும். பாடகர் ஸ்டீவி வொண்டர் பார்வை இழந்ததும் இப்படித்தான். 1950-ல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்தவர் அவர்.

போன வருஷம் என் அக்கா மகளுக்கு 31 வாரத்தில் ஆண் குழந்தை பிறந்தது. 1,400 கிராம். இருபத்திரண்டு நாள் கழித்து அரக்கோணத்துக்கு அழைத்து வந்தோம். சீட்டு முழுக்க இங்கிலீஷ். நான் பத்தாவதுதான் படித்திருக்கிறேன், ஆனாலும் எழுத்துக் கூட்டிப் பார்ப்பேன். கடைசிப் பக்கத்தில் மருந்துகளுக்குக் கீழே 'ஆர்.ஓ.பி.' என்று மூன்று எழுத்தும் ஒரு தேதியும் இருந்தன. வாயால் யாரும் சொல்லவில்லை. வார்டுக்குப் போன் போட்டேன். "ஆமாம்மா, கட்டாயம் போகணும், சொல்லலையா?" என்றது ஒரு குரல். நல்லா இருக்கே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தேதிக்கு இன்னும் எட்டே நாள். திருத்தணியிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். "மூணு மாசம் ஆகாம பச்சக் குழந்தைய எழுபது கிலோமீட்டர் கொண்டு போறதா? காத்து கருப்பு பட்டா யாரு பொறுப்பு? அதான் விளக்கைப் பாத்து முழிக்குதே, கண்ணுக்கு என்ன? மலையில மொட்டை அடிச்சிட்டு அப்புறம் பாக்கலாம்."

நம் வீடுகளில் இந்த மூன்று மாதக் கணக்கு சும்மா வந்ததில்லை. கூட்டத்தில் கொண்டு போகாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் கண் கெடுகிற காலமும் அதே மூன்று மாதத்துக்குள்தானே வருகிறது! வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். "அண்ணி, முருகன் பாத்துப்பான், சரி. டாக்டரும் ஒரு தடவை பாக்கட்டுமே," என்றேன். அக்கா மகள் வாய் திறக்கவில்லை. காலையில் பார்த்தால் பையைக் கட்டி வைத்திருந்தாள்.

கூட்டத்துக்குப் பயந்து ரயிலை விட்டுக் காரில் போனோம். சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரியவைத்து, தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். குழந்தை வீறிட்டு அழும், தாய்க்கு மனசு தாங்காது. சற்று முன்பே பால் கொடுத்திருந்தால் கக்கிவிடும், எவ்வளவு நேரம் முன்பு நிறுத்தணும் என்று கேட்டுக்கொண்டு போங்கள். முதல் தடவை, "குழாய் இன்னும் ஓரத்துக்கு வரலை, அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். "பாத்தாச்சே, இன்னும் எதுக்கு?" என்று மறுபடி வீட்டில் பேச்சு. மூன்றாவது தடவை அன்றைக்கே லேசர் வைக்கணும் என்றுவிட்டார்கள். இரண்டு கண்ணுக்கும். ஒரு வாரம் தள்ளிப் போட்டிருந்தால் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை.

எந்தக் குழந்தைக்குப் பார்க்க வேண்டும் என்றால், 34 வாரத்துக்கு முன் பிறந்தது, அல்லது 2,000 கிராமுக்குக் குறைவாகப் பிறந்தது. பிறந்து முப்பது நாளுக்குள் முதல் பரிசோதனை. 28 வாரத்துக்கும் முன் பிறந்தாலோ 1,200 கிராமுக்குக் கீழே இருந்தாலோ இரண்டு, மூன்று வாரத்திலேயே. நாள் எண்ணுவது பிறந்த தேதியிலிருந்துதான், வீட்டுக்கு வந்த தேதியிலிருந்து அல்ல. ரத்தக் குழாய் ஓரம் வரை வந்துவிட்டது, இனி வர வேண்டாம் என்று டாக்டரே சொல்லும்வரை போய்க்கொண்டே இருக்கணும். சீட்டில் அந்த வரி இல்லாவிட்டால் படுக்கையை விட்டு இறங்கும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். சிகிச்சைக் குறிப்புகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று டாக்டர்களுக்கு 2002-லிருந்து விதியே இருக்கிறது. முறைத்தால் முறைக்கட்டும்.

சம்பந்தியம்மா இப்போதெல்லாம் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன்னால், "எத்தனை கிராம்?" என்றுதான் கேட்கிறார்.