ஐஸ் பெட்டியோடு ஐம்பதாம் எண் சாலை

ஃபாலன் ஊரின் பெரிய கடை வாசலில், வண்டிகள் நிற்கும் திடலில், யார் உள்ளூர்க்காரர், யார் தொலைவிலிருந்து வந்தவர் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. உள்ளூர்க்காரர் இரண்டு பைகளைப் பின்னிருக்கையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். தூரத்து ஊர்க்காரரின் பிக்கப் வண்டியில் ஐஸ் பெட்டிகள் இருக்கும். மாவும் சர்க்கரையும் டப்பா உணவுகளும் நாய்த்தீனியும் முதலில் ஏறும். இறைச்சியும் பாலும் கடைசியில், ஐஸ் கட்டிகளுக்கு நடுவே. முட்டை மட்டும் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில், ஒரு பிள்ளையை உட்கார வைப்பதுபோல.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தைக் குறுக்காகக் கடக்கும் 50ஆம் எண் நெடுஞ்சாலை, மேற்கே டாஹோ ஏரிக்கரையில் தொடங்கி, கிழக்கே யூட்டா மாநில எல்லையில் முடிகிறது. சுமார் 650 கி.மீ. முதல் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏரிக்கரையில் சூதாட்ட விடுதிகள், பிறகு மாநிலத் தலைநகர் கார்சன் சிட்டி, எங்கு திரும்பினாலும் கடை. ஃபாலனைத் தாண்டியபிறகுதான் சாலை வேறாகிறது. 1986இல் ‘லைஃப்’ இதழ் இதை அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை என்று எழுதியது. அந்தப் பெயரையே நெவாடா சுற்றுலா விளம்பரமாக்கிக்கொண்டது. தனிமை, கடந்து போகிறவருக்கு ஒரு நாள் அனுபவம். அங்கே குடியிருப்பவருக்கு அது வாராவாரம் செலுத்த வேண்டிய கட்டணம் என்றே எனக்குப் படுகிறது. அந்தக் கட்டணத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

ஃபாலன் பாலைவனத்தில் வாய்க்கால் வெட்டி உண்டாக்கிய ஊர். 1902இன் பாசனச் சட்டம் வந்த வேகத்தில் தொடங்கிய திட்டம் இது. 1915இல் லஹொன்டன் அணை கட்டி முடிந்தது. இங்கே விளையும் முலாம்பழத்துக்குப் பெயர் உண்டு. ஆனால் வயல்களில் பெருமளவு நிற்பது குதிரைமசால், மாட்டுத் தீவனம். 2014இல் இங்கே பெரிய பால்பவுடர் ஆலை ஒன்று திறக்கப்பட்டது. அதன் பவுடர் முதன்மையாக ஏற்றுமதிக்கு. கடல் கடந்து போகும் அந்தப் பால், இதே சாலையில் அடுத்த ஊருக்குப் போய்ச் சேருவது எவ்வளவு பாடு என்பதை அடுத்த 177 கி.மீ. சொல்லிவிடும்.

அந்த 177 கி.மீ.யில் மணல்மலை ஒன்று, கடற்படை விமானங்கள் பயிற்சி எடுக்கும் வெளி, மிடில்கேட் என்ற பழைய தங்கல். 1860இல் குதிரைத் தபால்காரர்கள் இளைப்பாறிய இடம் அது. இப்போது சாப்பாடும் பெட்ரோலும் கிடைக்கும். மற்றபடி சேஜ்பிரஷ் புதர்தான், கண்ணுக்கு எட்டியவரை. ஒரு மலைத்தொடர் ஏறி இறங்கினால் ஒரு சமவெளி, அதன் கடைசியில் இன்னொரு மலைத்தொடர்.

ஆஸ்டின் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். 1862இல் வெள்ளி கண்டெடுத்தார்கள். சில ஆண்டுகளிலேயே ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் இருநூறு பேர்கூட இல்லை. இந்த ஊரில் கல்லால் கட்டிய பழைய மளிகைக் கடைக் கட்டடம் ஒன்று இன்னும் நிற்கிறது. அதன் உரிமையாளராக இருந்தவர் ரூயல் கிரிட்லி. 1864இல் நகரத் தேர்தலில் தன் ஆள் தோற்றதால், பந்தயப்படி 50 பவுண்டு மாவுமூட்டையைத் தோளில் சுமந்து ஊரைக் கடந்தார். முடிந்ததும் அந்த மூட்டையை, உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வீரர்களின் நலநிதிக்காக ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் அதைத் திருப்பிக் கொடுத்து மறுபடியும் ஏலம் விடச் சொன்னார். அப்படியே அந்த மூட்டை ஊர் ஊராகப் போனது. கலிஃபோர்னியாவுக்கும் பிறகு கிழக்குக்கும் போனது. சேர்ந்த தொகை இரண்டரை லட்சம் டாலருக்கு மேல். மார்க் ட்வெயின் தன் பயண நூலில் இதை எழுதியிருக்கிறார். அவரும் கிரிட்லியும் பள்ளித் தோழர்கள்.

ஒரு மளிகைக்காரர் ஒரு மூட்டை மாவைக் கொண்டு நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த ஊர் இது. இன்று வாரத்துக்கான காய்கறி வாங்க மேற்கே ஃபாலனுக்கு 177 கி.மீ. போக வேண்டும், அல்லது வடக்கே பேட்டில் மவுன்டனுக்கு சுமார் 145 கி.மீ. போக வேண்டும். கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், தலைநகரும் இப்போது அங்கேதான். 1979 வரை ஆஸ்டின்தான் தலைநகராக இருந்தது. ஒரு காலத்தில் அந்த வடக்கு ஊரிலிருந்து சரக்கு ரயில் வந்தது. 1880இல் வந்த ரயில் 1938இல் நின்றது.

ஃபாலனுக்குப் போய்த் திரும்பினால் 354 கி.மீ. கேலனுக்கு 20 மைல் ஓடும் பிக்கப்புக்கு இது 40 லிட்டருக்கு மேல் பெட்ரோல். கூடவே ஏறத்தாழ ஒரு பகல்.

அமெரிக்க வேளாண் துறை ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. நகரத்தில் ஒரு மைலுக்கு மேல், கிராமத்தில் பத்து மைலுக்கு மேல் பெரிய மளிகைக் கடை இல்லாவிட்டால் அந்தப் பகுதியை அது கடை எட்டாதது என்று குறிக்கிறது. ஆஸ்டின் அந்த அளவுகோலைப் பல மடங்கு தாண்டுகிறது. அந்தப் பத்து மைலும் நேர்கோட்டில் அளக்கப்படுகிறது. மலையைச் சுற்றி ஏறும் சாலைக்கும், பனி மூடும் உயரக் கணவாய்க்கும் அந்தக் கோட்டில் இடமில்லை.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. ஏழைக் குடும்பங்களுக்கு உணவு வாங்க அரசு தரும் அட்டையில் விழும் தொகைக்கு, அலாஸ்காவும் ஹவாயும் தவிர்த்த 48 மாநிலங்களிலும் ஒரே உச்சவரம்பு. கடைக்கு எதிர்வீட்டில் இருப்பவருக்கும், மூன்று மலைத்தொடருக்கு அப்பால் இருப்பவருக்கும் ஒரே தொகை. அந்த அட்டையில் பெட்ரோல் வாங்க முடியாது. அலாஸ்காவின் தொலைவூர்களுக்கு மட்டும் கூடுதல் தொகை என்று தனிக் கணக்கே இருக்கிறது. தூரத்தைக் கணக்கில் சேர்க்க அரசுக்குத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆஸ்டினில் வாழும் முதியவருக்கு ஏன் சேர்க்கவில்லை?

முதியவர் என்று சொல்லக் காரணம் உண்டு. இந்த ஊர்களில் ஒருவருக்கு மூப்பு வருவது நரைக்கும்போது அல்ல. இரவில் எதிர்வரும் விளக்கு கண்ணைக் கூசச்செய்து, இனி வண்டி எடுக்காதீர்கள் என்று பிள்ளைகள் சொல்லும் அன்றைக்கு. அதன்பிறகு அக்கம்பக்கத்தார்தான் துணை. ஃபாலனுக்குக் கிளம்புகிறவர் நாலு வீட்டுச் சீட்டையும் வாங்கிக்கொண்டு போவார். அந்த நல்ல மனங்களை நம்பித்தான் இந்தச் சாலையோரத்தில் பல அடுப்புகள் எரிகின்றன.

ஆஸ்டினிலிருந்து யுரேகா 113 கி.மீ. யுரேகா கவுண்டி முழுவதற்கும் 2020இல் 1,855 பேர். ஏறத்தாழ ஆறு சதுர கி.மீ.க்கு ஒருவர். 1880இல் கட்டிய ஓபரா அரங்கம் நன்றாகப் பராமரிக்கப்படுகிறது. மளிகைக் கடையும் இருக்கிறது, சுவரெங்கும் வேட்டையாடிய விலங்குகளின் தலைகளோடு. அந்தக் கடையைப் பார்த்ததும் மனம் நிறைந்தது உண்மை. ஆனால் இப்படி ஒரு கடையை நடத்துவது எளிதல்ல. மொத்த வியாபாரியின் லாரி வர வேண்டுமென்றால் குறைந்தபட்சக் கொள்முதல் உண்டு. பெரிய நிறுவனங்களுக்குக் கிடைக்கும் விலை தனிக்கடைக்குக் கிடைப்பதில்லை. பெரியவருக்கும் சிறியவருக்கும் நியாயமின்றி விலை வேறுபடக் கூடாது என்று 1936இல் ஒரு சட்டம் வந்தது. 1980களுக்குப் பிறகு பல ஆண்டுகள் அரசு அதை அநேகமாக எடுத்துப் பயன்படுத்தவில்லை. விற்காத கீரை வாடும். குளிர்பெட்டி மின்கட்டணம் மட்டும் வாடாது. அதனால் சிறிய கடையில் விலை ஏறுகிறது. விலை ஏறுவதால் ஊரார் மாதச் சாமானுக்கு வெளியூர் போகிறார்கள். அப்படிப் போகப்போக கடை இன்னும் மெலிகிறது.

யுரேகாவைச் சுற்றியுள்ள மலைகளில் பின்யான் பைன் மரங்கள். ‘நேவே’ என்று தங்களை அழைத்துக்கொள்ளும் மேற்கு ஷொஷோனி மக்களுக்கு அதன் கொட்டைதான் பனிக்காலம் முழுதும் சாப்பாடாக இருந்தது. நம் கடைகளில் சில்கோசா என்று விற்பதன் உறவு. இலையுதிர் காலத்தில் குடும்பத்தோடு மலையேறி, கூம்புகளைத் தட்டி உதிர்த்து, வறுத்து, அரைத்துக் கஞ்சியாக்குவார்கள். 1870களில் யுரேகாவின் வெள்ளி-ஈய உலைகளுக்குக் கரி வேண்டியிருந்தது. இந்த மரங்களை வெட்டிக் கரிமூட்டம் போட்டார்கள். ஊரைச் சுற்றிப் பல மைல் தூரம் மலை மொட்டையானது. 1879இல் கரி விலைக்காக எழுந்த தகராறில் இத்தாலிய மொழி பேசிய கரித்தொழிலாளர் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அது வரலாற்றில் இருக்கிறது. வெட்டப்பட்ட ஒவ்வொரு மரமும் ஒரு குடும்பத்தின் தானியக் குதிர் என்பதை அந்தக் காலத்தில் யார் எழுதி வைத்தார்கள்? உணவு காலடியில் கிடந்த நிலத்தில்தான், பிறகு பூர்வகுடிக் குடியிருப்புகளுக்கு அரசு உணவுப் பெட்டி வழங்கியது. கடை எட்டாத குடும்பங்களுக்கு, அட்டைக்குப் பதிலாக இன்றும் வழங்குகிறது. ஒரே மாதத்தில் பெட்டியும் அட்டையும் சேர்த்து வாங்க முடியாது. மரங்கள் இப்போது திரும்ப வளர்ந்திருக்கின்றன. கொட்டை பொறுக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஊருக்கு வடக்கே டைமண்ட் பள்ளத்தாக்கில் வட்ட வட்டமாகப் பச்சை வயல்கள். அங்கேயும் குதிரைமசாலும் தீவனப் புல்லும்தான். ஊறும் நீரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இறைத்ததால், 2015இல் நெவாடாவிலேயே முதன்முதலாக இதை நெருக்கடி நிலத்தடிநீர்ப் பகுதி என்று அறிவித்தார்கள். லாரிகள் தீவனக் கட்டுகளோடு வெளியே போகின்றன. தக்காளி வேறொரு லாரியில் உள்ளே வருகிறது.

ஈலி 124 கி.மீ. தள்ளி. செப்புச் சுரங்க ஊர், நாலாயிரம் பேர். முழுமையான மளிகைக் கடை, மருத்துவமனை எல்லாம் உண்டு. சுற்றுவட்டாரம் முழுதும் இந்த ஒரு ஊரை நம்பியிருக்கிறது. இதைத் தாண்டினால் இரண்டு கணவாய்கள். பிறகு எல்லையோரம் பேக்கர் என்ற சிற்றூர். தேசியப் பூங்கா ஒன்றின் வாசல் அது. சில பத்துப் பேர்தான் நிரந்தரமாக வாழ்கிறார்கள். மாதச் சாமானுக்கு ஈலிக்குத் திரும்பினால் நூறு கி.மீ.க்கு மேல். கிழக்கே யூட்டாவின் டெல்டா என்றால் அதைவிடவும் தொலைவு.

சாலை நெவாடாவை விட்டுப் போகும் இடத்தில் ஒரு விடுதி, எல்லைக்கோட்டின்மேலேயே. அங்கிருந்து டெல்டாவுக்குக் கிளம்புகிறவர் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். கோட்டைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடிவிடும். கடை சாத்தும் நேரமும் அதனோடு சேர்ந்து முன்னே வந்துவிடும். அதனால் விடிவதற்கு முன்பே ஐஸ் பெட்டியைக் கழுவி வண்டியில் ஏற்றியாக வேண்டும்.