கடல் தெளியும் காலம்

மலைக்குப் போகிறவர் வெயிலைப் பார்த்துப் புறப்படுகிறார். குற்றாலத்துக்குப் போகிறவர் சாரல் விழுகிறதா என்று கேட்டறிந்து புறப்படுகிறார். கடலுக்குப் போகிறவர் மட்டும் நாட்காட்டியில் சிவப்பு எழுத்து எங்கே இருக்கிறது என்று பார்த்துப் புறப்படுகிறார். கரையில் நின்று காலை நனைத்து, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புவதானால் அது போதும். கடலுக்குள் தலையை விட்டு, பவளப் பாறையையும் அதன் இடுக்கில் ஒளியும் வண்ண மீனையும் காண ஆசைப்படுகிறவருக்கு அது போதாது. அவருக்கு வேண்டியது விடுமுறை அன்று, தெளிந்த நீர்.

இந்த ஆராய்ச்சியில் நான் இறங்கியதற்கு என் அறைத்தோழனே காரணம். அவன் தருமபுரி மாவட்டத்துக்காரன். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக எங்கள் பக்கம் வந்தபோதுதான் வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலைப் பார்த்தான். மேலே பார்த்தது போதாதென்று அதன் அடியையும் பார்க்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டான். இரண்டு ஆண்டுகளாக முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறி, பதினான்காயிரம் ரூபாய் அஞ்சலகத்தில் சேர்த்திருக்கிறான். பட்டம் பெற்றதும் ஓசூரில் வேலைக்குப் போயாக வேண்டும். தங்கையின் படிப்பு அவன் பொறுப்பு. வசதியுள்ளவருக்குக் காலம் தவறினால் அடுத்த ஆண்டு உண்டு. இவனுக்கு இருப்பது ஒரே பயணம். கலங்கிய நீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அவ்வளவுதான்.

ஒரு சுற்றுலா நிறுவனத்தின் விளம்பரத் தாளை அவன் கொண்டுவந்து காட்டினான். "வருடம் முழுவதும் சீசன்" என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வருடம் முழுவதும் சீசன் உள்ள கடல் ஒன்று உலகில் இருந்தால், எங்கள் மாமா முதல் ஆளாக அங்கே குடியேறியிருப்பார்.

மாமா என்றால் என் தாய்மாமன். பாம்பன் பக்கத்தில் சங்கு குளிக்கிறவர். முப்பது ஆண்டுகளாகக் குளிக்கிறார். ஒரு காது சரியாகக் கேட்காது. அத்தொழில் கொடுத்த பரிசு அது. என் தோழனை அவரிடம் அழைத்துப் போனேன். எந்த மாதம் நல்ல மாதம் என்று அவன் கேட்டான். "மாசத்தக் கேக்காதீக தம்பி, காத்தக் கேளுங்க. காத்துக்கும் உங்களுக்கும் நடுவுல கரை நிக்கணும். அப்பத்தான் தண்ணி தெளியும்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ளப் பாம்பனைவிட நல்ல இடம் இல்லை. 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் மேல் நின்று பாருங்கள். ஒரு பக்கம் பாக் நீரிணையைச் சேர்ந்த கடல். எங்கள் வழக்கில் வடகடல். மறுபக்கம் மன்னார் வளைகுடா, அது தென்கடல். ஐப்பசி பிறந்து வாடைக் காற்று வீசத் தொடங்கினால் வடகடல் குமுறும். தென்கடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கினால் கதை தலைகீழாகிவிடும். தென்கடல் கலங்கிச் சேறாகும். வடகடல் குளம்போல நிற்கும். அங்கே நிலத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். அதற்குள் ஒரே நாளில் இரண்டு பருவம்! மீனவர் பலர் இதை அறிந்தே காலத்துக்கு ஏற்பக் கடலை மாற்றித் தொழில் செய்கிறார்கள்.

பாம்பனில் சிறிதாக இருப்பது இலங்கையில் பெரிதாக இருக்கிறது. தென்மேற்குக் கரையில் உள்ள இக்கடுவைப் பவளப் பாறைகளைக் காண நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஏற்ற காலம். அதே மாதங்களின் முற்பகுதியில் திருகோணமலைக் கடல் வாடையில் புரண்டுகொண்டிருக்கும். மே பிறந்ததும் இக்கடுவை கலங்கும். திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவைச் சுற்றிக் கடல் தெளியும். 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அத்தீவுக்கு செப்டம்பர் வரை ஆட்கள் போய் வருகிறார்கள். மலைகளும் காடுகளுமாக ஒரு நாடே நடுவில் நின்று காற்றைத் தடுக்கிறது. "இலங்கையில் எப்போது சீசன்?" என்று ஒருவர் கேட்டால், "எந்தக் கரையில்?" என்று திருப்பிக் கேட்பவரே விவரம் தெரிந்தவர்.

நடுவில் நிற்க நிலமே இல்லாத சிறு தீவுகளின் நிலை வேறு. இலட்சத்தீவுகள் தென்மேற்குப் பருவக் காற்றை நேரே மார்பில் வாங்குகின்றன. அங்கே கடலடி காண நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அதற்கும் முன் அனுமதி பெற்றாக வேண்டும். அந்தமானில் தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கும் முன்பாக, மே மூன்றாம் வாரத்தை ஒட்டியே இறங்கிவிடுகிறது. ஆண்டின் கடைசி மாதங்களில் வங்கக் கடல் புயல்களும் உண்டு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை எங்கள் ஊரில் இன்னமும் நேற்று நடந்ததுபோலப் பேசுவார்கள். ஆகையால் தை முதல் சித்திரை வரை என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததும் அன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பு ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மே நடுப்பகுதி வரை நடந்ததாக எழுதியிருக்கிறார். சுறாவைக் கட்டும் மந்திரம் ஓதுவோருக்கு முத்தில் ஒரு பங்கு கொடுத்தார்களாம்! மந்திரத்தை நம்பியவர்களும் பருவத்தைப் பார்த்தே இறங்கியிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்து முத்துக்குளிப்புகளும் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் நடந்தன. வாடை ஓய்ந்து கச்சான் தொடங்காத இடைவெளி அது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது; பின்பு முத்துச் சிப்பி அந்த அளவுக்குப் படியவில்லை.

நீர் எவ்வளவு தெளிந்திருக்கிறது என்பதை அளக்க விஞ்ஞானிகள் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குகிறார்கள். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழமே அளவு. 1865-இல் இத்தாலியரான செக்கி என்பவர் கண்ட முறை. இதை மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். நங்கூரக் கயிறு எத்தனை பாகம் வரை கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்ப்பாராம். மூன்று பாகத்துக்குக் கீழே போனால் இறங்கிப் பயனில்லை. வெறுங்கையோடு ஏற வேண்டியதுதான். நமக்கு வேடிக்கையாக இருக்கும் தெளிவு, அவருக்குக் கூலி. ஆண்டில் கடல் தெளிந்த நாட்களை எண்ணித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. கச்சான் மாதங்களில் அவர் கொத்தனாருக்குக் கையாளாகப் போவதை நான் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன்.

தெளிவு ஒன்றே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. மாலத்தீவில் பா பவளத்தீவைச் சேர்ந்த அனிஃபாரு விரிகுடா என்று ஓரிடம். தென்மேற்குப் பருவக் காலத்தில் அங்கே மிதவை நுண்ணுயிர்கள் வந்து குவியும், நீர் மங்கும். அந்த மங்கலைத் தேடித்தான் மேன்டா எனும் ராட்சதத் திருக்கைகள் கூட்டமாக வருகின்றன. அங்கே காற்று உருளை கட்டி மூழ்க அனுமதி இல்லை. முகக் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மேலே மிதந்தபடிதான் பார்க்க வேண்டும். கலங்கிய காலமே அங்கு நல்ல காலம்.

என் தோழனுக்கு மேன்டா வேண்டாம். பவளப் பாறை போதும். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் கடைசி வகுப்பில் மூன்று நாள் பயணம். அங்கே 2018-இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட ஹேவ்லாக்கில் ஒரு நாள் மூழ்கல், இரண்டு நாள் மிதவை. கையிலுள்ள பணத்துக்குள் அடங்கும் என்று கணக்குப் போட்டுவிட்டான். தேர்வு முடிந்து ஏப்ரல் இறுதியில் கிளம்பலாம் என்பது அவன் எண்ணம். கடலும் அப்போது அமைதியாகவே இருக்கும். நான்தான் தடுத்தேன்.

காரணம் வெப்பம். காற்றில்லாமல் கடல் படுத்துக் கிடக்கும் அந்தச் சித்திரை நாட்களில்தான் நீர் மிகச் சூடாகிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரங்கள் நீடித்தால் போதும். பவள உயிர்கள் தம் உடலுக்குள் வாழ்ந்து உணவும் நிறமும் தரும் நுண்பாசியை வெளியேற்றிவிடுகின்றன. பாறை வெளுத்துப்போகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் மன்னார் வளைகுடாவிலும் அந்தமானிலும் இது நடந்தது. 2024 ஏப்ரலில், உலகம் தழுவிய நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். நீர் கண்ணாடியாக இருக்கும். பார்க்கக் கிடைப்பது சுண்ணாம்பாக இருக்கும். அது மட்டுமா? நோயுற்றுக் கிடக்கும் பாறையின் மேல் நாமும் போய்க் காலை உதைத்துக்கொண்டிருப்பது, காய்ச்சல்காரன் வீட்டில் விருந்துண்ணப் போவதைப் போன்றது.

ஆகவே மாசி மாதம் என்று முடிவாயிற்று. போக வர, தங்க எல்லாம் சேர்த்து வேலை நாட்களில் பன்னிரண்டு போகும். வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அவன் இதுவரை காரணமின்றி ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. கணக்குப் பார்த்ததில் இடம் இருக்கிறது. துறைத் தலைவர் அவர்கள் இக்கட்டுரையைப் படிக்க நேர்ந்தால், இதையே விடுப்பு விண்ணப்பமாக ஏற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

மாசியில் எந்த நாள்? இதையும் மாமாவே சொன்னார். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடல் ஏற்ற இறக்கம் அதிகம், நீரோட்டம் இழுக்கும். எங்கள் வழக்கில் அதை நீவாடு என்போம். பாதி நிலவு நாட்களில், அதாவது அட்டமி, நவமியை ஒட்டி அது தளர்ந்திருக்கும். புதிதாக இறங்குகிறவருக்கு அந்நாட்களே உகந்தவை. பயணச் சீட்டு வாங்கியாயிற்று. மூக்கைப் பிடித்துக் காதுக்குள் காற்றைச் செலுத்தும் பயிற்சியை மாமா அவனுக்கு எங்கள் ஊர்க் கிணற்றிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார். மீதமிருப்பது ஒரே சிக்கல்தான்: அட்டமியில் கடலில் இறங்கப் போகிறேன் என்பதைத் தருமபுரியில் இருக்கும் தன் அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.