ரேஷன் அரிசியும் ஆலைக் கூலியும்

உணவு மானியம் போனால் முதலில் சரிவது கூலியின் மதிப்பு. சம்பளம் அதேதான், அரிசி வாங்கியபின் மிஞ்சுவது குறைகிறது. இலங்கையில் 1953இல் மானியம் வெட்டப்பட்டு, 25 சதத்துக்கு விற்ற ஒரு கொத்து அரிசி 70 சதமானது. ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால். அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

இந்தியாவில் 1997இல் வறுமைக்கோட்டை வைத்து ரேஷன் பிரிக்கப்பட்டபோது, தமிழ்நாடு அனைவருக்குமான முறையைக் கைவிடவில்லை. 2011 முதல் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் இதன் பயன் தொழிலாளியோடு நிற்பதில்லை. சாப்பாட்டுச் செலவு குறைவதால் குறைந்த கூலிக்கும் ஆள் கிடைக்கிறது. மானியத்தில் ஒரு பங்கு ஆலைக்கும் போகிறது. (அதை யாரும் ‘இலவசம்’ என்று கேலி செய்வதில்லை.) வேறு மாநில அட்டைக்கும் ரேஷன் தரும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு வந்தபின்னும், வடமாநிலத் தொழிலாளர் பலர் கடை விலைக்கே அரிசி வாங்குகிறார்கள்.