பாடப் புத்தகத்தில் இல்லாத சங்கம்

சரித்திர உபாத்தியாயராயிருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. கேள்விகளும் நம்முடையவை, விடைகளும் நம்மிடமே இருக்கின்றன. மாணவன் ஒருவன் எழுந்து திருப்பிக் கேட்கும் வரையில் இந்தச் சௌகரியத்துக்குக் குறைவில்லை.

2010-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஒரு நாள், சிதம்பரத்தில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குத் தொழிலாளர் இயக்கத்தைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தோம். 1918-இல் சென்னையில் வாடியாவும் திரு.வி.க.வும் ஆலைத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டது, 1923-இல் சிங்காரவேலர் கடற்கரையில் மே தினம் கொண்டாடியது, 1928-இல் தென்னிந்திய ரயில்வே வேலை நிறுத்தம் ஆகியவற்றை வெகு உற்சாகமாக விவரித்தோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"எங்கப்பா சங்கம் எந்தப் பக்கத்துல சார் வருது?"

அவனுடைய தகப்பனார் நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. செப்டம்பர் மாதத்திலிருந்தே அங்கே வேலை நிறுத்தம். பையன் பரீட்சைக் கட்டணமும் கட்டவில்லை.

"அது பரீட்சையில் வராது. உட்கார்" என்றோம். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சங்கடம் ஆரம்பமாயிற்று. கடலூரில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். நெய்வேலி நமக்கு அடுத்த வீடு மாதிரி. இருந்தும், பையனுக்கு மரியாதையாக விடை சொல்ல விரும்பியிருந்தாலும், சொல்லியிருக்க முடியாது. ஒன்றும் தெரியாது! அந்த வெட்கத்தினால் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறோம்.

1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது, தண்ணீருடன் கரிய பொருள் ஒன்றும் மேலே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-இல் கார்ப்பொரேஷன் ஏற்பட்டது. 1957 மே மாதம் 20-ஆம் தேதி பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-இல் அந்தக் கரியிலிருந்து மின்சாரம் பிறந்தது. கரியை எடுப்பது இலேசான காரியமன்று. மேலே மூடியிருப்பது பூகர்ப்ப சாஸ்திரிகள் 'கடலூர் மணற்கல்' என்று சொல்லும் கெட்டியான கல். (ஊர்ப் பெருமைக்கு இது ஒன்று!) ஒரு பங்கு கரிக்கு ஐந்து பங்குக்கு மேல் மண்ணையும் கல்லையும் அப்புறப்படுத்த வேண்டும். கரிக்கு அடியிலோ பூமிக்குள் அடைபட்ட நீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. இரவும் பகலும் பம்புகள் ஓடாவிட்டால் சுரங்கம் ஏரியாகிவிடும். ஆகவே இங்கே ஆள் வேண்டாத நாள் என்று ஒரு நாள் கிடையாது. இந்த ஒரு விஷயத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

1926-இல் வந்த தொழிற்சங்கச் சட்டப்படி ஆதியில் ஏழு பேர் கையெழுத்திட்டாலே ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய முடிந்தது. ஆனால் நம் நாட்டில் எத்தனை கட்சிக் கொடிகளோ அத்தனை சங்கங்கள். நெய்வேலியும் இதற்கு விலக்கல்ல. எனினும் இந்தக் கொடிகளெல்லாம் ஒரே பந்தலில் சேர்ந்து நின்ற சந்தர்ப்பங்கள் உண்டு. 2006-இல் கம்பெனியின் பங்குகளில் நூற்றுக்குப் பத்தை விற்பதென்று மத்திய சர்க்கார் தீர்மானித்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. ஜூலை மாதத்தில் அந்தத் தீர்மானம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2013 ஜூலையில் மறுபடியும் விற்பனைப் பேச்சு. மறுபடியும் வேலை நிறுத்தம். கடைசியில் விற்க வேண்டிய 3.56 சதவீதப் பங்குகளைத் தமிழ்நாட்டு அரசின் நிறுவனங்களே வாங்கிக்கொண்டன. தொழிலாளர் எழுந்து நின்றதனால் பங்குகள் தனியார் கைக்குப் போகாமல் நின்றன என்பது சரித்திரத்தில் எழுதத்தக்க விஷயந்தான்.

ஆனால் பையனின் தகப்பனார் இருந்த சங்கம் இது அன்று. நிரந்தரத் தொழிலாளி "இது யாருடைய கம்பெனி?" என்று கேட்டான். ஒப்பந்தத் தொழிலாளி "நான் யாருடைய ஆள்?" என்று கேட்டான். நிரந்தரமான இயல்புள்ள வேலைகளில் ஒப்பந்த முறையை விலக்குவதற்குச் சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்து 1970-இலேயே சட்டம் செய்தார்கள். பம்பு நில்லாத சுரங்கத்தைக் காட்டிலும் நிரந்தரமான இயல்பு வேறு எங்கே உண்டு? 2010-இல் பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் ஒரு மாதத்துக்கும் மேலாக வெளியே நின்றார்கள். 2012-இலும் நின்றார்கள். 2014 மார்ச் 17-ஆம் தேதி பாதுகாப்புப் படைக்காரர் ஒருவர் சுட்டதில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி உயிரிழந்தார். அதே வருஷம் செப்டம்பரில் மீண்டும் வேலை நிறுத்தம். நம் அபிப்பிராயத்தில் இதுவே கடினமான போராட்டம். நிரந்தரக்காரர் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். ஒப்பந்தக்காரர் போகாவிட்டால் வாசலில் வேறொருவர் வந்து நிற்பார். அவரும் பக்கத்துக் கிராமத்துக்காரராகவே இருப்பார்.

சென்ற மாதம் ஒரு காரியமாக நெய்வேலிக்குப் புறப்பட்டோம். புவனகிரி தாண்டியதும் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்து, "சார், என்னைத் தெரியுதா? கடைசி பெஞ்சு" என்றார். தெரிந்தது. இப்போது முப்பது வயது. தகப்பனாரைப் போலவே ஒப்பந்த வேலை. சங்கத்தில் சந்தா வசூலிக்கும் பொறுப்பு. கையில் ரசீதுப் புஸ்தகம்.

"அப்பா ரிட்டையர் ஆயிட்டாரா?"

"வயசாச்சு சார், நின்னுட்டார். ரிட்டையர்னா அதுக்கு ஒரு கடுதாசி வரணும் இல்ல?"

சேத்தியாத்தோப்பை நெருங்கும்போது ஜன்னல் வழியாக வளையமாதேவிப் பக்கம் கையைக் காட்டினார். 2023 ஜூலையில் கால்வாய் வெட்டுவதற்காகப் பயிர் நின்ற வயலில் யந்திரங்கள் இறங்கிய இடம். "நிலம் கொடுத்தவங்க பிள்ளைங்களும் எங்ககூடத்தான் நிக்கிறாங்க சார். நிலம் கொடுக்க மாட்டோம்னு சொல்றவங்களும் எங்க சொந்தக்காரங்கதான். மீட்டிங்ல என்னத்தப் பேசுறது?"

நமக்கு விடை தெரியவில்லை. இந்தத் தடவை உட்காரச் சொல்லவும் முடியவில்லை. அவர் உட்கார்ந்துதான் இருந்தார்.

வடலூர் வந்தது. வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு அணையாமல் எரியும் ஊர். அங்கே இறங்குவதற்கு முன் அவர் பையிலிருந்து ஒரு மனுவை எடுத்து, பிழை பார்த்துத் தரும்படி கேட்டார். மூன்று சந்திப் பிழைகளும், 'நிரந்தரம்' என்பதில் ஒரு றகரமும் இருந்தன. திருத்திக் கொடுத்தோம். பிறகு, சங்கத்தின் பழைய துண்டுப் பிரசுரங்களை யாராவது சேர்த்து வைத்திருக்கிறார்களா என்று விசாரித்தோம்.

"அப்பாகிட்ட ஒரு தகரப் பெட்டி இருக்கு சார். 2010-லேருந்து எல்லாம் இருக்கு. பாதியைக் கரையான் தின்னுடுச்சு."

வருகிற சனிக்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை. ஒரு கோணி ஊசியும் நூலும், நாலு குயர் வெள்ளைக் காகிதமும் வாங்கி வைத்திருக்கிறோம்.