மாறாது நின்ற எண்

கணிப்பொறியைக் கொண்டு பிழைப்பு நடத்தும் நம்மிடமும் இம்மலருக்கு ஒரு கட்டுரை கேட்டனர். இலக்கியம் பேசத் தக்கோர் பலர் இங்கு உளர். ஆதலின் நாம் அறிந்த ஒன்றையே, அதிலும் நாம் தவறிய கதையையே எழுதத் துணிகிறோம்.

மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் காலிப் படுக்கைகளின் எண்ணிக்கையைக் காட்டும் மின்பலகை உண்டு. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களும் தம் கைப்பேசியில் அப்பக்கத்தைத் திறந்தே வைத்திருப்பர். அதன் பின்னிருந்த ஜாவா சேவையகத்தைப் பேணுவது நம் பொறுப்பு. ஓஎஸ்ஜிஐ என்னும் முறையில் தனித்தனித் தொகுதிகளாய்க் கட்டப்பட்டது அது. ஒவ்வொரு தொகுதியும் தனக்கு வேண்டியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்கும். கிட்டாவிடில் எழ மறுக்கும்.

ஒரு நள்ளிரவில் அதிலிருந்த ஜெட்டி 9 என்னும் பதிப்பை 11 ஆக உயர்த்தினோம். பக்கம் திறந்தது, எண் தெரிந்தது, தொகுதிகள் யாவும் இயங்குவதாகப் பட்டியல் கூறிற்று. பணி நிறைவுற்றது எனச் செய்தி அனுப்பிவிட்டு உறங்கினோம்.

விடியுமுன் தொலைபேசி ஒலித்தது. இரவுப் பணியிலிருந்த மூத்த செவிலியர் பேசினார்.

"தம்பி, இரண்டு மணியிலிருந்து பலகையில் நான்கு என்றே நிற்கிறது. இங்கே ஒரு கட்டில்கூடக் காலியில்லை. அந்த நான்கை நம்பி ஒரு பெரியவரைக் கொண்டுவந்துவிட்டார்கள். தள்ளுவண்டியிலேயே படுக்க வைத்திருக்கிறேன்."

அவர் குரலில் சினமில்லை. அதுவே நம்மை வருத்தியது.

பக்கம் திறக்கையில் தெரிவது அக்கணத்து எண். பின்வரும் மாற்றங்களை ஏந்தி வருவது வெப்சாக்கெட் என்னும் நிலைத்த இணைப்பு. 2011இல் ஆர்எஃப்சி 6455 அதன் நெறியை வகுத்தது. உலாவி வழக்கமான வேண்டுகோளாகவே தொடங்கி, 'இனி வேறு நெறியில் பேசுவோமா?' என்று கேட்டு ஒரு திறவுகோலைத் தரும். சேவையகம் அதனோடு 36 எழுத்துடைய மாறாத் தொடரொன்றைச் சேர்த்து, ஷா-1 முறையிற் கணக்கிட்டு விடை தந்து, 101 என்னும் குறியீட்டால் இசையும். (நிலைமொழி, வருமொழி படித்த நமக்கு இப்புணர்ச்சி என்றுமே ஓர் உவகை.) அன்று நமக்குக் கிட்டியதோ 404. அப்படியொரு முகவரியே இல்லை என்பது அதன் பொருள்.

முன்னே நிற்கும் என்ஜின்எக்ஸ் மீதே முதலில் ஐயுற்றோம். நெறி மாற்றக் கோரும் தலைப்புகளை, நாம் பணித்தாலன்றி அது பின்னே கடத்தாது. அதனை ஆராய்வதிலேயே ஒரு மணி நேரம் கழிந்தது. பின்னரே அதனை விலக்கிச் சேவையகத்தை நேரே அழைத்துப் பார்த்தோம். முதலிற் செய்திருக்க வேண்டியது அதுவே. அங்கும் 404.

பழுது பெயரில் இருந்தது. ஜாவாவின் நிறுவன நூலகங்கள் ஆரக்கிளிடமிருந்து எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கைமாறின. வணிகக்குறி உரிமை காரணமாக, 'ஜாவாக்ஸ்' என்ற பழைய முன்பெயரில் அவற்றை மேலும் வளர்த்தெடுக்க இயலாதாயிற்று. 2020இல் வெளியான ஜகார்த்தா இஇ 9 பதிப்பில் அவை 'ஜகார்த்தா' எனப் பெயர் மாறின. நம் நிரல் பழைய பெயரைத் தாங்கி நின்றது. ஜெட்டி 11 புதிய பெயரையே தேடிற்று. காணாது கடந்து சென்றது.

அவ்வாறாயின் தொகுதி எழ மறுத்திருக்க வேண்டுமன்றோ? மறுக்கவில்லை. பழைய நூலகக் கோப்பை, 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்று நாமே விட்டுவைத்திருந்தோம். கேட்டது கிடைத்ததால் தொகுதி எழுந்தது. எவரும் வாராத வாயிலில் காத்து நின்றது. பிழைப்பதிவில் ஒரு வரியும் இல்லை. அக்கோப்பை நீக்கித் தொகுதியை மீண்டும் எழுப்பியபோதுதான், வேண்டியது கிட்டவில்லை என்று அது அலறியது. பிழைச்செய்தி கண்டு நாம் மகிழ்ந்தது அன்று ஒரு நாள்தான்.

பெயர்களை மாற்றி ஏற்றினோம், 101 வந்தது. ஆயினும் நிமிடத்துக்கொரு முறை இணைப்பு அறுந்தது. பேச்சற்ற இணைப்பை 60 விநாடியில் துண்டிப்பது என்ஜின்எக்ஸின் இயல்பு. 30 விநாடிக்கொரு முறை துடிப்பு அனுப்பும் பழைய ஏற்பாடு இந்த மாற்றத்தில் விடுபட்டிருந்தது. அதனையும் சேர்த்தோம்.

ஏழு மணிக்குச் செவிலியரை அழைத்தோம். நம் திரையை நம்பாமல், அவர் பலகையில் என்ன தெரிகிறது என வினவினோம்.

"ஒருவர் இப்போதுதான் வீட்டுக்குக் கிளம்பினார். குறிக்கிறேன், இருங்கள்." சற்று மௌனம். "ஒன்று என்று வந்துவிட்டது, தம்பி. அந்தக் கட்டிலைப் பெரியவருக்குக் கொடுக்கிறேன். மறுபடி பூஜ்யம் ஆகிறதா பாருங்கள்."

ஆயிற்று.